உறுப்பும் பங்கும்: தூத்துக்குடிக் கடற்கரையில் ஒருவர் பல சங்கத்தராய் நின்ற வரலாறு

முன்னுரை

ஒருவர் ஒரே காலத்தில் பல குழுக்களில் உறுப்பினராய் இருத்தல் இக்காலத்துக் கைப்பேசியும் கணிப்பொறியும் தோற்றுவித்த புதுமை என்று பலரும் கருதுகின்றனர். பத்துக் குழுவில் பெயர் பதிந்துகொள்ளுதலும், ஒரு குழுவிற் பேசியது பிறிதொரு குழுவிற் குற்றமாய் முடிதலும், எல்லாவற்றிற்கும் விடையிறுக்க இயலாது சோர்தலும் இன்று அன்றாட நிகழ்ச்சிகளாயின. கருவி புதியது என்பதில் ஐயமில்லை. ஆயின் அந்நிலை தமிழகத்திற்குப் புதியதன்று. தூத்துக்குடித் துறைமுகத்தையும் அதனைச் சூழ்ந்த முத்துக்குளித் துறையையும் வாழ்விடமாகக் கொண்டோர் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்நிலையில் வாழ்ந்து பழகியவர் ஆவர். அவர்தம் வரலாற்றினின்று இரு பகுதிகளை எடுத்துக்கொண்டு, பல சங்கத்து உறுப்பாண்மை எப்பொழுது வலிமையாகின்றது, எப்பொழுது நலிவாகின்றது என்பதை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். முதற் பகுதி முத்துக்குளித் துறைப் பரதவர் வரலாறு, மற்றது வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906 முதல் 1908 வரை தூத்துக்குடியில் ஆற்றிய சங்கப் பணி.

1. சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களை நோக்குவோம். உறுப்பினர் என்னுஞ் சொல் உறுப்பு என்பதன் அடியாகப் பிறந்தது. கையும் காலும் ஓருடற்கே உரியன. ஒரு கை ஈருடலுக்கு உரியதாதல் இயலாது. ஆகவே, ஒருவரே பல அமைப்புக்கு உறுப்பினர் என்னும்போது அச்சொல்லின் பொருள் சிறிது நெகிழ்ந்தே நிற்கின்றது.

ஆயினும் நம் யாப்பிலக்கணம் இந்நெகிழ்ச்சிக்கு இடந்தருகின்றது. எழுத்து அசைக்கு உறுப்பு; அசை சீர்க்கு உறுப்பு; சீர் அடிக்கு உறுப்பு. எனவே ஓர் எழுத்து அசைக்கும் சீர்க்கும் அடிக்கும் ஒருங்கே உறுப்பாய் அமைகின்றது. ஈண்டு முரண் ஏதும் இல்லை. காரணம், இவை ஒன்றனுள் ஒன்றாய் அடங்குவன. ஒருவர் தம் தெருவுக்கும் ஊருக்கும் நாட்டுக்கும் உரியவராதல் இவ்வகையினதே. இதனை அடங்குறுப்பு என்று வழங்குவோம். ஒன்றனுள் ஒன்று அடங்காது தனித்தனியே நிற்கும் அமைப்புக்கள் பலவற்றில் ஒருவர் இடம்பெறுதல் வேறு வகை. இதனைப் புறவுறுப்பு என்போம். இடர் தோன்றுவது பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையிலேயே ஆம்.

இனிப் பங்கு என்னுஞ் சொல். தூத்துக்குடிக் கடற்கரையில் இச்சொல் வழங்கும் பொருள்கள் கருதற்பாலன. பிடித்த மீனிலும் எடுத்த சிப்பியிலும் ஒருவர்க்கு உரிய கூறு பங்கு. வாணிகக் கழகத்தில் இட்ட முதலின் கூறும் பங்கு. கத்தோலிக்கர் தம் ஆலயத்துக்கு உட்பட்ட திருச்சபைப் பிரிவையும் பங்கு என்றே வழங்குவர். அதன் குரு பங்குத்தந்தை எனப்படுவர். ஒருவர்க்குத் தோணியில் ஒரு பங்கும், கோயிலில் ஒரு பங்கும், கம்பெனியில் ஒரு பங்கும் இருத்தல் கூடும். உறுப்பு என்பது ஒருவர் அமைப்புக்குத் தம்மைத் தருதலையும், பங்கு என்பது அமைப்பினின்று அவர் பெறுதலையும் குறிப்பன. கொடுத்தலும் பெறுதலும் ஒத்துச் செல்லும் வரையில் பல சங்கத்து வாழ்வு இடரின்றி நடக்கும் என்று இப்போதைக்குக் கொண்டு மேற்செல்வோம்.

2. பிறப்பால் வந்த உறுப்பாண்மை

பரதவர்க்குத் தம் குலமே முதற் சங்கமாகும். ஊர்தோறும் பட்டங்கட்டி எனப்படும் தலைவர் இருந்தனர். அவர்க்கெல்லாம் மேலாகத் தூத்துக்குடியில் சாதித் தலைவர் இருந்தார். குடும்பமும் ஊரும் குலமும் ஒன்றனுள் ஒன்றாய் அடங்கிய அடங்குறுப்பு முறை இது.

16ஆம் நூற்றாண்டின் நான்காம் பதின்மத்தில் இம்முறையோடு புதிய உறவொன்று வந்து சேர்ந்தது. முத்துத் துறையின் உரிமை பற்றிய பூசலில் வலியுற்ற பரதவர், போர்ச்சுக்கீசியரின் துணையை நாடிக் கிறித்தவ சமயத்தைத் தழுவினர். 1542ஆம் ஆண்டில் பிரான்சிசு சவேரியார் இக்கடற்கரைக்கு வந்தார். அவர்க்குப் பின் வந்த அண்டிரிக்கு அடிகளார் தமிழை முயன்று கற்று, பரதவர் தந்த பொருளுதவியோடு 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் நூலைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டார். தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்தில் ஒரு கடற்கரைக் குலத்தாரின் உறுப்பாண்மையும் பங்கும் நிற்றல் தமிழ் மாணாக்கர் மறத்தற்கரிய செய்தியாம்.

இவ்வாற்றால் ஒரு பரதவர் குலத்திற்கும் திருச்சபைக்கும் ஒருங்கே உரியவரானார். இவையேயன்றி, நிலத்தில் மதுரை நாயக்கரின் ஆட்சியும், வடபாற் கடலோரத்தில் சேதுபதியின் ஆட்சியும், கடலில் போர்ச்சுக்கீசியரின் ஆதிக்கமும் அவரைப் பற்றி நின்றன. இப்பன்மைக்குக் கண்கூடான சான்று முத்துக்குளிப்பிற் காணப்படும் ‘கல்’ என்னும் அளவு. குளியாள் கடலின் அடிக்கு விரைந்து இறங்கக் காலிற் கொள்ளும் கல்லே, குளிக்கும் உரிமையைக் கணக்கிடும் அளவும் ஆயிற்று. இத்துணைக் கல் என்றால், இத்துணைக் குளியாள் இறங்கும் உரிமை என்பது பொருள். வரியின்றி இறங்கும் கற்களில் 96½ மதுரை நாயக்கர்க்கு உரியனவாய் இருந்தன. சேதுபதிக்கும் பட்டங்கட்டிகளுக்கும் முசுலிம் தலைவர்க்கும் அவ்வாறே தனித்தனிக் கற்கள் இருந்தன. ஒரே பாரின்மேல் ஒரே நாளில் பல தலைமைக்கு உரியோர் அருகருகே மூழ்கினர். கடலின் அடியில் அவர் எடுத்த சிப்பிக்கு வேறுபாடு இல்லை. கரைக்கு வந்தபின் அது யார் பங்கு என்பதிலேயே வேறுபாடு.

1658இல் ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர் சீர்திருத்தக் கிறித்தவர். கத்தோலிக்க வழிபாட்டை விரும்பாதவர். புதிய ஆட்சியாளரின் சமயத்துக்கு மாறுதல் பரதவர்க்கு எளிய வழியாய் இருந்திருக்கும். அவர் அவ்வாறு செய்திலர். வாணிகத்திலும் முத்துக்குளிப்பிலும் ஒல்லாந்தரோடு ஒத்துழைத்தனர். வழிபாட்டில் தம் பழைய நெறியிலேயே நின்றனர். ஓர் அமைப்புக்கு உழைப்பைத் தந்து, நம்பிக்கையைத் தாராது நிற்றல் இயலும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டாம்.

திருச்சபைக்குள்ளேயே இருமை தோன்றிய காலமும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கல் அரசின் ஞானாதிக்கத்துக்கு உட்பட்ட கோவைக் குருமாரும், உரோமையினின்று நேரே ஆணைபெற்று மீண்டும் வந்த இயேசு சபையாரும் ஒரே நகரில் இரு தலைமையாயினர். ஒரே குலம், ஒரே சமயம், இரு கீழ்ப்படிதல் என்னும் நிலை குடும்பங்களையும் பிரித்தது. 1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமாகி, பிரான்சிசு திபூர்சியசு ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார்.

போர்ச்சுக்கீசியர் சென்றனர், ஒல்லாந்தர் சென்றனர், நாயக்கரும் ஆங்கிலேயரும் சென்றனர். முத்துக்குளிப்பும் 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த வரிசையோடு நின்றுவிட்டது. எனினும் குலமும் கோயிலும் நிலைத்தன. காரணம் யாது? ஊர்தோறும் ஒரு பட்டங்கட்டி இருந்தார்; ஊர்தோறும் ஓர் ஆலயம் இருந்தது. ஒருவர் வீழினும் மற்றோரிடத்தில் இணைப்பு நின்றது. பல மூட்டுக்களால் இணைந்த உடல், ஒரு மூட்டு நெகிழ்ந்தமையால் வீழ்ந்திலது. இக்கருத்தை உளங்கொண்டு அடுத்த பகுதிக்குச் செல்வோம்.

3. விரும்பிச் சேர்ந்த உறுப்பாண்மை

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகத்தில் வேறொரு வகைச் சங்கம் பெருகிற்று. பிறப்பால் வாராது, பெயர் பதிந்து, கட்டணம் செலுத்தி, விதிக்கு உட்பட்டுச் சேரும் சங்கம் அது. தூத்துக்குடியில் 1883இல் சைவ சித்தாந்த சபை தோன்றியது. மதுரையில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் தமிழ்ச்சங்கம் கண்டார். இச்சூழலில் 1872இல் ஒட்டப்பிடாரத்திற் பிறந்து, வழக்கறிஞராய்த் தூத்துக்குடியிற் குடியேறியவர் சிதம்பரம் பிள்ளை.

அவர் இடம்பெற்ற அமைப்புக்களை வகைப்படுத்தின் நான்காகும். கல்வியும் சமயமும் பற்றியவை ஒருவகை. சைவ சபைத் தொடர்பும், மதுரைத் தமிழ்ச்சங்கத்தாரோடு கொண்ட கேண்மையும் இதில் அடங்கும். பொருளும் தொழிலும் பற்றியவை இரண்டாம் வகை. சுதேசியப் பண்டகசாலை, தரும சங்க நெசவுச் சாலை, சுதேசிக் கப்பல் கம்பெனி ஆகியவை இதன்பாற்படும். அரசியல் பற்றியவை மூன்றாம் வகை. தேசாபிமான சங்கமும் காங்கிரசும் இவ்வகையின. கூலித் தொழிலாளரோடு கொண்ட தொடர்பு நான்காம் வகை. இவை ஒன்றனுள் ஒன்று அடங்குவன அல்ல, முற்றும் புறவுறுப்புக்களே.

இப்பன்மையால் விளைந்த நன்மையை முதலில் ஆராய்வோம். சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்யப்பட்டது. முதல் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். தலைவர் யார் எனின், மதுரைத் தமிழ்ச்சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவரே. தமிழாய்வுக்கென ஏற்பட்ட கேண்மை, கொழும்புக்குச் செல்லும் கப்பலுக்கு மதிப்பைத் தேடித் தந்தது. 8,000 பங்குகளுக்கு இரண்டு இலட்சம் ரூபாய் தந்து செயலர் பொறுப்பேற்றவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். கம்பெனியின் ஐந்திலொரு பகுதி முதலை ஒரு முசுலிம் வணிகர் தாங்கினார். அதனை முயன்று நடத்தியவர் சைவ நூற்பயிற்சி மிக்க வழக்கறிஞர். ஒரே சங்கத்துள் அடைபட்டிருந்தார்க்கு இவ்விருவரையும் ஓரிடத்துச் சேர்த்தல் அரிதாயிருக்கும். பல சங்கத்தில் நிற்பவர் பாலமாவர் என்பது இதனால் விளங்கும்.

1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்தன. எதிரில் நின்றது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. அது கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது. அரசின் ஆதரவும் அதன் பக்கமே இருந்தது. அவ்வாண்டு இறுதியில் சூரத்தில் கூடிய காங்கிரசில் சிதம்பரம் பிள்ளை திலகர் பக்கம் நின்றார். திரும்பியபின் சுப்பிரமணிய சிவாவோடு கூடித் தூத்துக்குடியில் பொதுக்கூட்டங்களிற் பேசத் தொடங்கினார்.

4. முரண் தோன்றிய இடம்

1908 பிப்ரவரி 27ஆம் நாள் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர் வேண்டியவை. சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் அவர்க்குத் துணை நின்றனர். நகரத்தார் பொருளுதவி செய்தனர். மார்ச்சுத் திங்களின் முதல் வாரத்திலேயே ஆலை நிருவாகம் இணங்கியது.

ஈண்டு நுணுகி நோக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கப்பல் கம்பெனியின் பங்குதாரருள் பெருவணிகர் பலர் இருந்தனர். பங்குக்கு ஊதியம் வேண்டுதல் அவர் இயல்பு. ஆலைத் தொழிலாளர் வேண்டியது உழைப்புக்கு ஊதியம். பங்கின் ஊதியமும் உழைப்பின் ஊதியமும் ஒரே பெட்டியினின்று வருவன ஆதலின், ஒன்று பெருகின் மற்றொன்று சுருங்கும். ஒருவர் இருசாரார்க்கும் தலைவராய் நிற்றல் எங்ஙனம் இயன்றது? கோரல் ஆலை ஐரோப்பியரான ஹார்வியின் ஆலையாய் இருந்தமையால் அம்முரண் அன்று வெளிப்பட்டிலது. வணிகரும் தொழிலாளரும் ஒரே மாற்றாரைக் கண்டனர். ஆலை உள்நாட்டு வணிகர் ஒருவர்க்கு உரியதாய் இருந்திருப்பின், அன்றே சிதம்பரம் பிள்ளை ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க நேர்ந்திருக்கும். பொதுப் பகை இருக்குங்காறும் பல சங்கத்து உறுப்பாண்மை இசைந்து நிற்கும் என்பதும், அவ்விசைவையே அவற்றின் இயல்பான ஒற்றுமை என்று மயங்குதல் கூடாது என்பதும் இதனாற் பெறப்படும்.

மற்றொரு முரண் கம்பெனிக்கும் அரசியலுக்கும் இடையே தோன்றியது. கம்பெனி அரசின் சட்டப்படி பதிவு பெற்றது. துறைமுகத்தில் அரசின் இசைவோடு இயங்க வேண்டியது. அரசியற் கூட்டமோ அவ்வரசையே எதிர்ப்பது. மேடையில் ஒருவர் பேசும் சொல்லுக்குக் கப்பலில் முதலிட்டவர் விலை கொடுக்க நேரும். கம்பெனியோடு தொடர்புடையோர் சிலர் இதனை எண்ணி அஞ்சியதில் வியப்பில்லை. அவ்வச்சத்தைக் கோழைமை என்று மட்டும் கூறி ஒதுக்குதல் ஆராய்ச்சிக்குப் பொருந்தாது. அவர் பங்குதாரராய்ச் சேர்ந்தாரேயன்றித் தேசாபிமான சங்கத்தில் பெயர் பதிந்தாரல்லர். ஒரு சங்கத்திற் செய்த உடன்பாட்டை வேறொரு சங்கத்தின் கடனாக அவர்மேற் சுமத்தல் முறையோ என்னும் வினா இன்றும் விடை வேண்டி நிற்பதே.

5. வீழ்ச்சியும் எஞ்சியதும்

1908 மார்ச்சு 12ஆம் நாள் சிதம்பரம் பிள்ளையும் சிவாவும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. காவலர் சுட்டதில் நால்வர் மாண்டனர். சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே, சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் அவர் செக்கிழுத்த வரலாற்றைத் தமிழுலகம் நன்கறியும். 1912 டிசம்பர் 24ஆம் நாள் விடுதலை பெற்றபோது கம்பெனி இல்லை. 1911இலேயே அது கலைக்கப்பட்டது. வழக்கறிஞர் உரிமையும் இல்லை. அவர் தூத்துக்குடியில் நிறுவிய அமைப்புக்களும் அவர் சிறைப்பட்டபின் தழைத்தில.

இவ்வீழ்ச்சிக்கு முதற் காரணம் அரசின் அடக்குமுறையும் பெருமுதற் கம்பெனியின் போட்டியுமே. இதனை மறைத்துப் பழியைச் சிதம்பரம் பிள்ளைமேல் ஏற்றுதல் பிழை. ‘கப்பலோடு நின்றிருக்கலாம், பலவற்றிலும் கைவைத்தமையால் யாவும் கெட்டன’ என்பார் கருத்தும் நமக்கு உடன்பாடன்று. தேசிய உணர்ச்சியும் கூட்டங்களும் இன்றேல் அக்கப்பலில் ஏறுவாரும் பங்கு வாங்குவாரும் அத்துணைப் பேர் இருந்திரார். எண்ணிக்கை இங்குக் குறையன்று. அமைப்பே குறை. நான்கு வகைச் சங்கங்களும் ஒரே மூட்டில் இணைந்திருந்தன. அம்மூட்டு சிதம்பரம் பிள்ளை என்னும் ஒருவர். அவரைப் பிரித்ததும் யாவும் ஒருங்கே பிரிந்தன. பரதவர் குலத்துக்கு ஊர்தோறும் பட்டங்கட்டி இருந்ததுபோல், சுதேசிச் சங்கங்களுக்கு இரண்டாம் மூட்டும் மூன்றாம் மூட்டும் அமைதற்கு இரண்டாண்டுக் காலம் போதவில்லை.

எஞ்சியவை யாவை? முதலாவது, ஏடில்லாத கேண்மை. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த தமிழர் அவர் துயர் கேட்டுப் பணம் திரட்டினர். வேதியப் பிள்ளை முதலானோர் உதவி அனுப்பினர். அங்குத் திரட்டிய பொருளில் ஒரு பகுதி காந்தியடிகளிடம் வந்திருந்தது. அது குறித்து 1915இல் சிதம்பரம் பிள்ளைக்கும் காந்தியடிகளுக்கும் இடையே தொடங்கிய கடிதப் போக்குவரத்தின் முடிவில், 1916இல் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது. ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி இக்கடிதங்களைத் தேடித் தொகுத்து வெளியிட்டுள்ளார். பத்து இலட்சம் முதலுடைய கம்பெனியை நடத்தியவர் முந்நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு மீண்டும் மீண்டும் கடிதம் எழுத நேர்ந்தமை நெஞ்சை உருக்குவது. அவ்வுதவியை அனுப்பியவர் எவரும் அவரோடு ஒரு சங்கத்தில் பெயர் பதிந்தவர் அல்லர் என்பதும் நோக்கத்தக்கது. பின்னர் வழக்கறிஞர் உரிமையை மீட்டுத் தர உதவிய வாலிசு என்னும் நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார்.

இரண்டாவது, தமிழ்ப் புலமை. சிறையிலிருந்தபடியே சேம்சு ஆலனின் நூலைத் தமிழாக்கினார். தொல்காப்பியத்தையும் திருக்குறளையும் ஆழ்ந்து பயின்றார். 1917இல் திருக்குறள் மணக்குடவர் உரையின் அறத்துப்பாலைப் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணர் உரையை வெளிக்கொணரும் பணியில் எஸ். வையாபுரிப் பிள்ளை உடனுழைத்தார். 1935இல் சிவஞான போதத்துக்கு அவர் எழுதிய உரை வெளிவந்தது. கப்பலைப் பறித்தோர் இப்புலமையைப் பறிக்க இயலவில்லை.

அரசியல் உறுப்பாண்மையை அவர் தாமே அளந்து கையாண்டார் என்பதும் குறிக்கத்தக்கது. ஒத்துழையாமைக் கொள்கையோடு மாறுபட்டு 1920இல் காங்கிரசினின்று விலகினார்; 1927இல் மீண்டும் சேர்ந்து சேலம் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கொள்கை மாறுபட்டபோது விலகுதலும், ஒத்தபோது சேர்தலும் உறுப்பினர்க்கு உரிய நேர்மையாம். 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடிக் காங்கிரசு அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. 2011இல் அத்துறைமுகம் அவர் பெயரைப் பெற்றது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் மூன்று கருத்துக்கள் பெறப்படும். ஒன்று: பல சங்கத்தில் நிற்றல் தன்னளவில் குறையன்று, வேறுவேறு சாராரை இணைக்கும் பாலம் அதனாலேயே அமைகின்றது. இரண்டு: ஒரு சங்கத்துக்குச் செய்த உடன்பாடு பிறிதொரு சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஒல்லாந்தர்க்கு உழைப்பைத் தந்து நம்பிக்கையைத் தாராத பரதவர் இவ்வெல்லையை அறிந்திருந்தனர்; கப்பலையும் மேடையையும் ஒன்றெனக் கொண்ட காலத்தில் அவ்வெல்லை மங்கியது. மூன்று: பல சங்கங்கள் ஒரே மனிதரில் இணைதல் இடர், பலர் பலவற்றில் இணைதலே நிலைபேறு.

முதற் பகுதியில் கொடுத்தலும் பெறுதலும் ஒத்துச் செல்லும் வரை இடரில்லை என்று கொண்டோம். அக்கூற்றை இப்போது திருத்திக் கூறலாம். ஒவ்வொரு சங்கத்திலும் தனித்தனியே அவை ஒத்திருத்தல் போதாது. ஒரு சங்கத்திற் கொடுப்பதற்கு மற்றொரு சங்கத்தார் விலை செலுத்தாவாறும் காத்தல் வேண்டும்.

இன்று இதே கடற்கரையில் ஓர் இளைஞர் தம் கைப்பேசியில் பங்குக் குழுவிலும், விசைப்படகுத் தொழிலாளர் குழுவிலும், உடன்பயின்றோர் குழுவிலும், அரசியற் குழுவிலும், முகநூலிலும் ஒருங்கே இருக்கின்றார். இவை பெரும்பாலும் புறவுறுப்புக்களே. சேர்தற்குக் கட்டணம் இல்லை, விலகுதற்குத் தடையில்லை. ஆதலின் அவற்றின் வலிமையை உறுப்பினர் தொகையால் அளத்தல் பொருந்தாது. ஒருவர் வாய் பேச இயலாது அடைபட்ட நாளில் அவரைத் தம் உறுப்பென்று கருதி எத்துணைப் பேர் கை நீட்டுவர் என்பதே அளவு. அவ்வளவுகோல் டர்பனில் வாழ்ந்த தமிழர் கையில் இருந்தது. சுதேசிக் கம்பெனியின் பங்கேடு, தமிழ்ச்சங்கத் தொடர்புகள், கடல் கடந்த தமிழர் கடிதங்கள் ஆகியவற்றை ஒப்புநோக்கி, எவரெவர் எத்துணைச் சங்கங்களில் ஒருங்கே நின்றனர் என்று பட்டியலிட்டு ஆராய்தல் முதுகலை மாணாக்கர்க்கு ஏற்ற பணியாம். அப்பட்டியலில் சிதம்பரம் பிள்ளையை அடுத்து நின்ற இரண்டாம் மூட்டுக்கள் சில வெளிப்படவும் கூடும். அவ்வாறு வெளிப்படின், அன்று முறிந்தது யாது, முறியாது நின்றது யாது என்பது இன்னும் தெளிவாகும்.